விழுங்கிய பாம்பும் வளைந்த ஒளியும்

பாம்பு விழுங்குகிறது பகலவனை என்று கதை பேசுகிறார்கள். கொதித்துக் கொண்டிருக்கும் அந்தக் கோளத்தை விழுங்கிய பாம்பின் வயிறு வேகவில்லையா என்று கேட்பாரில்லை. விழுங்கியதைச் சில நாழிகைக்குள் உமிழ்ந்துவிடும் பாம்புக்கு விழுங்கும் வேலைதான் எதற்கு என்று வினவுவாரில்லை. கேட்பது பாவம், கேளாதிருப்பது பக்தி! எனவே, கோயில் நடை சாத்தப்படுகிறது. அடுப்பு அணைகிறது. குடத்து நீரிலே தருப்பை மிதக்கிறது. சூல்கொண்ட மங்கை பசித்த வயிறோடு இருட்டறையிலே உட்கார வைக்கப்படுகிறாள். வெளியே வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம்!

அதெல்லாம் பாட்டன் காலத்தோடு போயிற்றே, செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர் என்பார் சிலர். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26 பாட்டன் காலமா? அன்று காலை, கோவையிலும் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் கதிரவன் வளையம் போல் காட்சி தந்தான். அதே வேளையில், பக்கத்துக் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்திலே, உடற்குறையுள்ள குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணிலே புதைத்து வைத்தனர் பெற்றோர். கிரகண வேளையிலே புதைத்தால் குறை நீங்கும் என்று எவனோ சொன்னான். ஏழைத் தாயும் தகப்பனும் நம்பினர். குழந்தை கதறிற்று. நிழல் நகர்ந்தது. குறை அப்படியே இருந்தது.

நம் பக்கத்திலே குழந்தைகளை மண்ணிலே புதைப்பதில்லை, மெய்தான். மனத்திலே மண்ணைப் போட்டுப் புதைக்கிறோம். படித்தவர் வீட்டிலும் அன்று பகலுணவு பிந்துகிறது. பள்ளியிலே நிழலைப் பற்றிப் பாடம் படித்த பிள்ளை, வீட்டிலே நிழலுக்குப் பயந்து கதவடைக்கிறது. தேர்வுத்தாளிலே ஒன்று, தெருவிலே வேறொன்று! இந்த இரட்டை வாழ்வை எடுத்துக்காட்டத்தான், அஞ்சி ஒளிந்த அதே இருட்டிலே அறிவாளர் கண்டெடுத்த செல்வத்தின் வரலாற்றை இங்கே கூறுகிறேன்.

அறியாமைக்கு இருட்டு அச்சம் தருகிறது. அறிவுக்கோ, அது வாய்ப்புத் தருகிறது.

1919ஆம் ஆண்டு மே 29. முழுச் சூரிய கிரகணம். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப்பித் தீவிலே எடிங்டன் என்ற ஆங்கில அறிஞர் காத்திருந்தார். பிரேசில் நாட்டுச் சோப்ரல் என்னும் ஊரிலே மற்றொரு குழு காத்திருந்தது. அவர்கள் குடத்திலே தருப்பை போடவில்லை. தொலைநோக்கியிலே படத்தகடு போட்டனர். கதிரவன் மறைந்த அந்தச் சில நிமிடங்களிலே, அவனை ஒட்டித் தெரியும் விண்மீன்களைப் படம் பிடிக்க வேண்டும். பகலிலே கதிரொளி அவற்றை மறைத்துவிடும். இரவிலே கதிரவனே இருப்பதில்லை. இரண்டையும் ஒருங்கே காட்டவல்லது முழுக் கிரகணம் ஒன்றுதான். அன்று கதிரவன் நின்ற இடம், சோதிடர் உரோகிணி என்றழைக்கும் மீனை அடுத்த விண்மீன் கூட்டத்தின் முன்னே. பளிச்சிடும் மீன்கள் பல அங்கே உண்டு. உரோகிணியைக் கொண்டு சோதிடர் பிள்ளையின் தலையெழுத்தைப் பார்த்தனர். அவர்களோ உலகத்தின் எழுத்தைப் படித்தனர்!

படித்தது என்ன? ஒளி வளைகிறது என்ற உண்மையை.

ஒளி வளையுமா என்று வியப்பீர்கள். திருவேங்கடத்து உழவனைக் கேளுங்கள். திருவேங்கடம் என்றதும் மலையேறப் புறப்பட்டுவிட வேண்டாம், தோழர்களே! ஏழுமலையைச் சொல்லவில்லை நான். தென்காசி மாவட்டத்துக் கரிசல் நிலத்திலே, தீப்பெட்டித் தொழிலும் மானாவாரி வேளாண்மையும் கொண்ட திருவேங்கடத்தைச் சொல்கிறேன். சித்திரை வெயிலிலே அந்த நிலத்திலே நடப்பவன் கண்ணுக்கு, தொலைவிலே தண்ணீர் தளும்புவது போல் தெரியும். நெருங்கினால் தண்ணீரும் இல்லை, தவளையும் இல்லை, கானல்! சூடேறிய காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காய் நிற்க, வானத்திலிருந்து வரும் ஒளி வளைந்து கண்ணுக்குள் நுழைகிறது. கண், ஒளி நேராகவே வந்ததென்று எண்ணி, வானத்தைத் தரையிலே காண்கிறது. ஆகவே ஒளி வளைவதும், வளைந்த ஒளி பொருளை இடம் மாற்றிக் காட்டுவதும் கரிசல் மக்கள் அறியாத செய்தி அன்று.

கானலிலே ஒளியை வளைப்பது காற்று. ஐன்ஸ்டீன் கூறியதோ வேறு. காற்றில்லாத வெளியிலும், கண்ணாடி இல்லாத இடத்திலும், பெரும் பொருள் ஒன்று இருந்தால் போதும், அதன் ஈர்ப்பே ஒளியை வளைக்கும் என்றார் அவர். பூசணிக்காயின் மேல் எறும்பொன்று இடமும் வலமும் திரும்பாமல் நேராகவே நடக்கிறது. ஆயினும் அதன் பாதை வளைந்திருக்கிறது. குற்றம் எறும்பினுடையதா? இல்லை, பூசணியின் வளைவு அது. அதுபோல, கதிரவனைச் சுற்றியுள்ள வெளியே வளைந்திருக்கிறது. அதன் வழியே வரும் ஒளி, தன்னளவில் நேராகவே வந்தும், நமக்கு வளைந்து தெரிகிறது என்பது அவர் கொள்கை.

எவ்வளவு வளையும்? அறிவியலின் மேன்மை இந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது, தோழர்களே! புராணிகன் பெரிது என்பான், மிகப்பெரிது என்பான், சொல்லொணாப் பெரிது என்பான். அளவு கேட்டால் வாய் திறவான். ஐன்ஸ்டீன் அளவு சொன்னார். கதிரவன் விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 வினாடிக் கோணம் வளையும் என்றார். ஒரு பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறு ஒரு வினாடி. திருவேங்கடத்திலே கட்டும் தீப்பெட்டி ஒன்றை, ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ளதை, ஆறு கிலோமீட்டர் தொலைவிலே நிறுத்திப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாய்த் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இந்த வளைவு. நியூட்டன் காலத்துக் கொள்கைப்படி ஒளியைத் துகளாகக் கொண்டு கணக்கிட்டாலோ இதிலே பாதிதான் வரும். எது சரி? முழுத் தீப்பெட்டியா, அரைத் தீப்பெட்டியா? இந்த வழக்கைத் தீர்க்கத்தான் கடல் கடந்து சென்றனர். சோப்ரல் தந்த விடை 1.98, பிரின்சிப்பி தந்த விடை 1.61. முழுத் தீப்பெட்டி வென்றது! 1919 நவம்பர் 6ஆம் நாள் இலண்டனிலே தீர்ப்பு வெளியாயிற்று. ஓராண்டுக்கு முன்புவரை செருமனியோடு போரிட்ட ஆங்கில நாடு, செருமன் மண்ணிலே பிறந்தவரின் கொள்கை சரியென்று தன் செலவிலே மெய்ப்பித்தது. உண்மைக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, பகை இல்லை.

இதிலே இன்னொரு பாடமும் உண்டு. ஐன்ஸ்டீன் முதலிலே, 1911இல், பாதி அளவைத்தான் சொன்னார். அதைச் சோதிக்க 1914 ஆகஸ்டிலே கிரிமியாவுக்குச் சென்ற செருமன் குழு, உலகப்போர் மூண்டதால் படமெடுக்க இயலாமற் போயிற்று. எடுத்திருந்தால் அவருடைய கணக்கு தவறென்று தெரிந்திருக்கும். 1915இலே தம் கொள்கையை முழுமையாக்கியபோது, பழைய அளவைத் தாமே அடித்து இரு மடங்காக்கினார். தம் ஏட்டைத் தாமே திருத்தியதால் அவர் புகழ் குன்றிற்றா? வளர்ந்தது! திருத்தாதது வேதம், திருத்திக் கொள்வது அறிவு.

நம் நாட்டுக்கு இதிலே பங்கில்லையா? உண்டு. 1922 செப்டம்பர் 21இல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையிலே முழுக் கிரகணம் தெரிந்தது. அமெரிக்காவின் லிக் வானாய்வுக் கூடத்தார் அங்கே எடுத்த படங்கள் 1.72 என்ற அளவைத் தந்து, ஐயத்தை அகற்றின. அதே கடற்கரையிலே, அதே சோதனைக்காகக் கூடாரமடித்திருந்தது மற்றொரு குழு. எங்கிருந்து? நம் கொடைக்கானலிலிருந்து! 1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தின் தலைவர் எவர்ஷெட் அதை நடத்திச் சென்றார். கருவிகள் ஒத்துழைக்கவில்லை, அளக்கத்தக்க படம் கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதையே சொன்னார்கள். பரிகாரம் செய்து படத்தை வரவழைத்ததாக எவரும் கதை கட்டவில்லை. தோல்வியைத் தோல்வி என்று சொல்லும் துணிவு, வெற்றியினும் பெரிது.

*

ஒளி வளைகிறது, அதனாலென்ன என்கிறீர்களா? இனித்தான் விந்தை தொடங்குகிறது.

மிகத் தொலைவிலே ஒரு விளக்கு. நமக்கும் அதற்கும் நடுவே ஒரு பெரும் பொருள். விளக்கின் ஒளி அப்பொருளின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சென்று, இருபுறமும் வளைந்து, நம் கண்ணிலே கூடுகிறது. அப்போது ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். மூன்றும் ஒரே கோட்டிலே துல்லியமாக நின்றால், விளக்கு வளையமாகவே தெரியும். சிதறிப் போக வேண்டிய ஒளியும் நம்மை நோக்கித் திருப்பப்படுவதால், மங்கலானது பளிச்சிடும், சிறியது பெருகும். மனிதன் கடைந்த கண்ணாடி அல்ல. இயற்கை அமைத்த உருப்பெருக்கி!

1936இலே, ரூடி மாண்டல் என்ற ஒரு செக் நாட்டுப் பொறியாளர், பட்டம் பெற்ற வானநூலார் அல்லர், ஐன்ஸ்டீனைத் தேடிச் சென்று இதைப் பற்றி எழுதும்படி நச்சரித்தார். ஐன்ஸ்டீனும் கணக்கிட்டு எழுதினார். ஆனால் விண்மீன்களால் நேரும் இக்காட்சியை நேரில் காணும் நம்பிக்கை இல்லை என்று முடித்துவிட்டார். அடுத்த ஆண்டே சுவிக்கி என்ற வானநூலார் எழுந்தார். தனி விண்மீனை ஏன் பார்க்கிறீர். கோடானுகோடி விண்மீன்களைக் கொண்ட மண்டலங்களைப் பாரும், அவை ஒளியை வளைப்பதைக் காணத்தான் போகிறோம் என்றார். 1979இலே விடை கிடைத்தது. சப்தரிஷி மண்டலம் என்பார்களே, ஏழு முனிவர் அமர்ந்திருப்பதாக அளப்பார்களே, அந்தத் திசையிலே, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஆறு வினாடிக் கோண இடைவெளியிலே இரண்டு ஒளிப்புள்ளிகள் இருந்தன. இரண்டின் நிறமாலையும் ஒரே அச்சு! ஒன்றே இரண்டாய்த் தெரிகிறது என்று கண்டனர். இடையிலே ஒரு விண்மீன் மண்டலம் நின்று ஒளியைப் பிரிக்கிறது. ஒரு பாதையிலே வரும் ஒளி, மறு பாதையிலே வருவதற்கு 417 நாள் முன்னதாக வந்து சேர்கிறது என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஏழு முனிவரும் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் சொல்லாத செய்தி இது!

ஐன்ஸ்டீன் சொல் பொய்த்தது. நம்பிக்கை இல்லை என்றாரே, கண்டுவிட்டனரே! அவரை இகழ்ந்தாரா எவரேனும்? அல்லது, ஐன்ஸ்டீன் சொல்லிவிட்டார், பார்க்கக் கூடாது என்று தடுத்தாரா எவரேனும்? இல்லை. பெரியவர் சொன்னார் என்பது அங்கே வாதம் ஆகாது.

பிறகு வந்தன பெருங்காட்சிகள். நூற்றுக்கணக்கான மண்டலங்கள் கொத்தாகத் திரண்டு நிற்கும் இடங்களிலே, பின்னால் உள்ள மண்டலங்களின் உருவம் வில்லாக வளைந்து தெரிவதை 1980களிலே கண்டனர். 2022 ஜூலையிலே வெப் தொலைநோக்கி வெளியிட்ட முதல் ஆழ்வெளிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலே சிதறிக் கிடந்த செந்நிற வில்கள் யாவும் இவ்வாறு வளைந்த ஒளியே. அதே ஆண்டு மார்ச்சிலே, 1290 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியைக் கொண்டு ஒரு தனி விண்மீனையே அடையாளம் கண்டனர். இயற்கையின் உருப்பெருக்கி அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டியிராவிட்டால், எந்தத் தொலைநோக்கிக்கும் அது எட்டியிராது.

*

இங்கே குறுக்கிடுகிறார் சோதிடர். புது உடை உடுத்தி, புதுமொழி பேசி வருகிறார். ஆ, ஈர்ப்பு! பார்த்தீர்களா, கோளுக்கு ஈர்ப்பு உண்டென்று அறிவியலே ஒப்புகிறது. ஒளியையே வளைக்கும் ஈர்ப்பு உன் வாழ்வை வளைக்காதோ என்கிறார். நேற்று வரை அறிவியலை ஏசியவர், இன்று அதன் தோளிலே ஏறப் பார்க்கிறார்! ஏறட்டும், கணக்கைக் கையிலே கொடுத்து இறக்கி விடுவோம்.

பூமியைப் போல் மூன்றே கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மடங்கு நிறையுள்ள கதிரவன், தன்னை உரசிச் செல்லும் ஒளியை வளைப்பதே ஆறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தீப்பெட்டி அளவுதான். குரு பார்வை கோடி நன்மை என்கிறீரே, அந்த வியாழன், தன் உடலை உரசிச் செல்லும் ஒளியை வளைப்பது அதிலே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. சனி பிடித்தது என்று சொல்லித் திருநள்ளாற்றுக்கு மக்களை விரட்டுகிறீரே, அந்தச் சனிக்கோள் வளைப்பது ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்கு. உரசிப் போகும் ஒளிக்கே இந்தக் கதி! நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், திருவேங்கடத்துத் தெருவிலே நடக்கும் குப்பனை மட்டும் தேடிப் பிடித்து, அவன் மகள் திருமணத்தை மட்டும் தடுத்து வைக்கிறதாம்! அடுத்த வீட்டுச் சுப்பனை அது பிடிக்கவில்லையே, ஏன்? ஈர்ப்புக்கு நட்சத்திரம், இராசி, இலக்கினம் தெரியுமோ? அதற்குத் தெரிந்தவை இரண்டே: நிறை எவ்வளவு, தொலைவு எவ்வளவு.

சரி, சனிக்காவது உடல் உண்டு. இராகுவுக்கும் கேதுவுக்கும்? சந்திரனின் பாதை, கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகளுக்கு இட்ட பெயர்கள் அவை. புள்ளிக்கு நிறை ஏது? நிறை இல்லாததற்கு ஈர்ப்பு ஏது? இரண்டு சாலை கூடும் முச்சந்தி எழுந்துவந்து ஆளை அடிக்கும் என்பதற்கும், இராகு பிடிக்கும் என்பதற்கும் வேறுபாடு என்ன? ஈர்ப்பைத் துணைக்கழைத்த சோதிடர், ஒன்பது கோளிலே இரண்டை அந்த ஈர்ப்பிடமே இழந்தார்!

வருவதுரைத்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று தருகிறேன். 2014 நவம்பரிலே, ஒரு மண்டலக் கொத்துக்குப் பின்னே, 930 கோடி ஆண்டுக்கு முன் வெடித்த விண்மீன் ஒன்றின் ஒளி, நான்கு புள்ளிகளாகத் தெரிந்தது. வளைந்த பாதைகள் பல. ஒன்றைவிட ஒன்று நீளம். ஆகவே இதே வெடிப்பு, வேறொரு பாதையிலே வரும் ஒளியால், இன்ன இடத்திலே மீண்டும் தோன்றும் என்று பல குழுவினர் தனித்தனியே கணக்கிட்டு, முன்கூட்டியே எழுதி வெளியிட்டனர். 2015 முடிவதையொட்டித் தோன்றலாம் என்பது அவர்கள் கணக்கு. ஹபிள் தொலைநோக்கி அந்த இடத்தையே பார்த்துக் கொண்டிருந்தது. 2015 டிசம்பர் 11இல், குறித்த இடத்திலே, குறித்த காலத்தையொட்டி, அந்த ஒளி வந்து நின்றது! இடம் சொன்னார்கள், காலம் சொன்னார்கள், பொய்த்தால் எல்லோரும் நகைக்கட்டும் என்று ஊரறிய எழுதி வைத்தார்கள். சோதிடரே, ஒரே ஒருமுறை இப்படி எழுதி வையும், பார்ப்போம். கண்டம் இருக்கிறது, கவனமாக இருந்தால் தப்பலாம் என்று இரு பக்கமும் வாசல் வைத்த வீட்டுக்கு, வருவதுரைத்தல் என்ற பெயர் பொருந்துமோ?

சோதிடர் போனால் சாத்திரியார் வருகிறார். இதெல்லாம் எங்கள் ஏட்டிலே அன்றே உண்டு என்கிறார். எங்கே? எந்த ஏட்டிலே, எந்த வரியிலே, 1.75 என்று இருக்கிறது? வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கும் வரை அந்த வரி கண்ணுக்குத் தெரியாமற் போனதேன்? உண்மையிலே ஏட்டில் இருந்ததைத்தான் இவர்கள் காக்கவில்லை. ஆரியபட்டர் கி.பி. 499இலேயே, சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்று எழுதி வைத்தார். பின்னர் வந்த பிரம்மகுப்தர், கணக்கிலே வல்லவர், நிழலின் கணக்கையும் அறிந்தவர்; அவரே, இராகு இல்லை என்போரைக் கண்டித்தார். ஏன்? சாத்திரம் சாய்ந்துவிடக் கூடாதே! சென்னை வானாய்வுக் கூடத்திலே பணியாற்றி 1867இலே ஒரு மாறுவிண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள் என்று மன்றாடினார். கேட்டார்களா? ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிய நிழலை மறைத்துப் பாம்பைக் காட்டியவர்கள், இன்று வளைந்த ஒளிக்கும் உரிமை கொண்டாட வருகிறார்கள்!

மூன்றாவதாக வருபவர் மெல்லப் பேசுவார். மண்டலக் கொத்துகள் ஒளியை வளைப்பதை அளந்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொண்டு அவ்வளவு வளைவு நேர முடியாதாமே. தெரிவதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கருப்பொருள் மறைந்திருக்கிறதாமே. காணாததை நீங்களும் நம்புகிறீர்கள், நாங்களும் நம்புகிறோம், சண்டை எதற்கு என்பார். சண்டை இதற்குத்தான், ஐயா! காணாத அந்தப் பொருளை அவர்கள் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கே எவ்வளவு அடர்ந்து கிடக்கிறது என்று வளைந்த ஒளியைக் கொண்டு வரைபடம் எழுதியிருக்கிறார்கள். அது என்ன என்று தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். அதற்குக் கோயில் கட்டவில்லை, காணிக்கை கேட்கவில்லை, அதன் பெயரால் எவனையும் தீண்டத்தகாதவன் ஆக்கவில்லை. உம்முடைய காணாத பொருளுக்கு எடை என்ன? வரைபடம் எங்கே?

அந்த வரைபடத்தை எழுதுவோரிலே முன்னணியில் நிற்பவர் கோவையிலே பிறந்த ஒரு பெண், தோழர்களே! பிரியம்வதா நடராசன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். பெண் கிரகணத்தைப் பார்த்தால் கேடு என்றனர் இங்கே. பேரண்டத்தின் மறைந்த பொருளையே பார்த்துக் கொண்டிருக்கிறார் அங்கே. விண்மீன் செத்துச் சிறு கருந்துளை ஆவது மட்டுமல்ல, தொடக்க காலத்திலே பெரும் வாயு மேகமே நேராகச் சரிந்து பெருங் கருந்துளை ஆகியிருக்கலாம் என்பது அவரும் அவர் தோழர்களும் வளர்த்த கருத்து. 2023இலே அதற்குச் சான்று போல் ஒன்று கிடைத்தது. 1320 கோடி ஆண்டுக்கு முந்திய ஒரு மண்டலத்தின் நடுவே, கருந்துளையின் ஊடுகதிர். ஆபெல் 2744 என்ற மண்டலக் கொத்து இயற்கை உருப்பெருக்கியாய் நின்று அதை ஏறக்குறைய நான்கு மடங்கு பளிச்சிடச் செய்தது. அந்தக் கதிரைப் பிடித்த தொலைநோக்கியின் பெயர் சந்திரா!

யார் அந்தச் சந்திரா? சென்னை மாநிலக் கல்லூரியிலே படித்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கனத்த விண்மீன் தன் முடிவிலே நிலைத்து நிற்க இயலாது, சரிந்து கொண்டே போகும் என்று இளம் வயதிலேயே கணக்கிட்டவர். 1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனிலே, அறிஞர் கூடிய அவையிலே, அவர் பேசி அமர்ந்ததும் எழுந்து அவர் கருத்தை எள்ளி நகையாடியவர் யார் தெரியுமா? 1919இலே ஒளி வளைவதை உலகுக்குக் காட்டிய அதே எடிங்டன்! அவை சிரித்தது. இளைஞர் தலை குனிந்தார். ஆனால் கணக்கு தலை குனியவில்லை. 1983இலே நோபல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது. 1999இலே அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி விண்ணேறியது. எடிங்டன் முதன்முதல் மெய்ப்பித்த வளைந்த ஒளியின் உதவியால், எடிங்டன் நகைத்த கருத்திலிருந்து கிளைத்த கருந்துளையை, எடிங்டன் நகைத்தவர் பெயர் கொண்ட கருவி கண்டது! பெரியவர் சொல் என்பதற்காக அறிவுலகம் பணிந்திருந்தால் இது நேர்ந்திருக்குமா? ஒரு கண்டுபிடிப்பிலே சரியாக இருந்தவர், மற்றொன்றிலே தவறலாம். முற்றும் உணர்ந்த முனிவர் என்று அங்கே எவரும் இல்லை. ஆகவேதான் அறிவு வளர்கிறது.

சந்திரசேகருக்குக் கல்லூரி கிடைத்தது. பிரியம்வதாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வாழ்த்துவோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: இந்தக் கரிசல் வட்டாரத்திலே, ஒரு காலத்தில், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள், விடியுமுன் எழுப்பப்பட்டுத் தீப்பெட்டிப் பட்டறைக்கு வண்டியேற்றி அனுப்பப்பட்டனரே, குச்சி அடுக்கி அடுக்கியே விரல் தேய்ந்தனரே, அவர்களுள் எத்தனை சந்திரசேகர்கள், எத்தனை பிரியம்வதாக்கள்! அவர்கள் கையிலே தீப்பெட்டி இருந்தது; கண்ணிலே வெளிச்சம் இல்லை. அது அவர்கள் விதி, முற்பிறப்பின் பயன், கிரகக் கோளாறு என்று சொல்லி வைத்தவன் யாரோ, அவனே பாம்புக் கதையும் சொன்னவன். இரண்டு கதையும் ஒரே வாயிலிருந்து வந்தவை. வானத்திலே பாம்பு இருந்தால்தான் பூமியிலே விதி இருக்கும். விதி இருந்தால்தான் தாழ்ந்தவன் தாழ்ந்தே கிடப்பான். ஆகையால், இராகுவை மறுப்பது வானநூல் வழக்கு மட்டுமன்று. வயிற்று வழக்கு, பள்ளி வழக்கு, மான வழக்கு.

சோறு போடுமா இந்த வளைந்த ஒளி என்று கேட்போர்க்கு ஒரு சொல். வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள், ஐன்ஸ்டீன் கணக்கின்படி, நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி விரைந்து ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் வழி பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தவறும். பரிகாரத் தலத்துக்குப் போகும் வண்டிக்காரன் கைப்பேசியிலே பாதை பார்க்கிறானே, அவனைக் கொண்டு சேர்ப்பது குரு பார்வை அன்று. ஒளியை வளைத்த அதே கணக்கு!

இளைஞர்களே, இது படித்துக் கைதட்டும் செய்தி அன்று; கைவைக்க வேண்டிய பணி. 2013இலே தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியிலே, புனே வானநூல் ஆய்வு மையத்தின் அனுப்ரீத்தா மோரேயும் முன்னின்று நடத்திய அதிலே, உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் 37,000 பேர், வானப் படங்களைக் கணினியிலே பார்த்து, வளைந்த ஒளியைத் தேடி, வானநூலார் கண்ணுக்குத் தப்பிய 29 புதிய இடங்களைச் சுட்டிக் காட்டினர். 2025 மார்ச்சிலே யூக்ளிட் தொலைநோக்கியின் படங்களிலிருந்து ஏறத்தாழ 500 இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டபோதும், அத்தகைய தொண்டர்களின் கண்கள் துணை நின்றன. பட்டம் கேட்கவில்லை, பூணூல் கேட்கவில்லை. பார்க்கத் தெரிகிறதா என்று மட்டுமே கேட்டனர். திருவேங்கடத்து நூலகத்திலே அமர்ந்தும் அதைச் செய்யலாம்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், மதுரை வழியே வளையச் சூரிய கிரகணம் வருகிறது. திருவேங்கடத்திலும் கதிரவனின் பெரும்பகுதி மறையும். அன்று விண்மீன் தெரியாது. ஒளியின் வளைவை அளக்க முழுக் கிரகணம் வேண்டும். ஆனால் மனித மனத்தின் வளைவை அளக்க அந்த நாள் போதும். இன்றே தொடங்குங்கள். தெருத்தெருவாய்ச் சென்று சொல்லுங்கள். அட்டையிலே ஊசித்துளையிட்டுக் கதிரவனின் நிழலுருவைத் தரையிலே காட்டப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். வெறுங்கண்ணால் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும் என்பது அறிவியல். தகுந்த காப்புக் கண்ணாடி கொடுங்கள். வெளியே வந்தால் கரு கெடும் என்பது கட்டுக்கதை. சூல்கொண்ட பெண்ணை வெளியே அழைத்து வந்து, நிழலிலே அமர்த்தி, பசிக்கு உணவு கொடுங்கள்.

மதுரைக்குத் தெற்கே அன்று எத்தனை கதவுகள் அடைபட்டன, எத்தனை கதவுகள் திறந்தன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் நம் கணக்கு. கோடானுகோடி கல் கடந்து, கொத்துக் கொத்தான மண்டலங்களைச் சுற்றி வளைந்தும், ஒளி நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. அடைத்த கதவு ஒன்றுதான் அதைத் தடுக்க வல்லது. அந்தக் கதவைத் திறப்பீர், தோழர்களே!